கடலோர மண்டபத்துக்கு ஸ்லாப்: 25-ஆ, 35-ஆ, எந்த சிமெண்டு?

மண்டபக்குழு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ பீச்சில், கடலிலிருந்து சுமார் 300 மீட்டர் தள்ளி எங்கள் சங்கத்தின் மண்டபம் இருக்கிறது. தகரக் கூரையை எடுத்துவிட்டு, 12 மீட்டருக்கு 8 மீட்டர் கான்கிரீட் தளம் போடப் போகிறோம். 4 மீட்டர் இடைவெளியில் நான்கு உத்தரங்கள், ஸ்லாப் கனம் 170 மி.மீ. பதிவு பெற்ற இன்ஜினியர் வரைபடம் கொடுத்துவிட்டார். ஈதெக்வினி (டர்பன்) மாநகராட்சிக்கும் ப்ளான் போயிருக்கிறது. வரைபடத்தில் "35 எம்.பி.ஏ, கடலோரச் சூழல், கவர் 50 மி.மீ." என்று எழுதியிருக்கிறார் (எம்.பி.ஏ என்பது கான்கிரீட்டின் பலத்தை அளக்கும் மெகாபாஸ்கல்; கவர் என்பது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் கனம்).

மூன்று கான்ட்ராக்டர்கள் விலை கொடுத்தார்கள். மூன்றும் மூன்று விதம். ஒருவர் 32.5 தர மூட்டை சிமெண்டில் அங்கேயே கலந்து 25 எம்.பி.ஏ போடுவாராம், கூடவே வாட்டர்ப்ரூஃப் பவுடர்; இந்தப் பக்கம் எல்லா வீடும் இப்படித்தான் என்கிறார். இரண்டாமவர் ரெடிமிக்ஸ் (நிலையத்தில் கலந்து லாரியில் வருவது), 35 எம்.பி.ஏ, சிமெண்டில் பாதி ஸ்லாக் (உலைக் கசடுத் தூள்). மூன்றாமவர் கண்ணாடி இழைக் கம்பி போட்டால் துருவே கிடையாது, கவர் 20 போதும் என்கிறார்.

இன்னொன்று. முன் தாழ்வாரத்தின் பழைய உத்தரங்கள் இரண்டில் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. அதைப் பூசிவிட்டு, புது ஸ்லாப்பின் கம்பியை அதிலேயே கோத்துவிடலாம் என்று முதல் ஆள் சொல்கிறார்.

யார் சொல்வது சரி? வேலை நடக்கும்போது குழுவில் இருக்கும் நாங்கள் எதை எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

கலவைக்கணக்கு எழுதியது:

ஐயா, முதல் ஆளின் விலையை ஓரமாக வையுங்கள். இன்ஜினியர் எழுதியதற்குக் கீழே 10 எம்.பி.ஏ குறைத்துப் போடுகிறேன் என்று சொல்பவரிடம் மற்றதைப் பேச எதுவும் இல்லை. 2013 நவம்பரில் டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த மால் இடிந்து இருவர் இறந்தார்கள். அந்த விசாரணையில் கான்கிரீட்டின் பலமும் கம்பியின் அளவும் பேசுபொருளாக இருந்தன. நம் பக்கத்து ஊர் அது.

ஆனால் 35 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 35 என்பது நசுக்கினால் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு. கடல் உப்பு கான்கிரீட்டை நசுக்குவதில்லை, துளை வழியாக ஊறி உள்ளே போகிறது. நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை பிஎச் 12.5-க்கு மேல் இருப்பதால் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் உண்டாகிறது. கம்பி இருக்கும் ஆழத்தில் குளோரைடு, சிமெண்டு எடையில் சுமார் 0.4 சதவீதத்தைத் தொட்டால் அந்தப் படலம் உடைந்து துரு தொடங்கும். துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் காரை பெயர்கிறது. வெறும் சிமெண்டை வைத்தே 35 எம்.பி.ஏ கொண்டுவந்துவிடலாம், அதே பலமுள்ள, பாதி ஸ்லாக் கலந்த கலவையைவிட அது உப்பை வெகு வேகமாக உள்ளே விடும்.

ஸ்லாக் என்பது இரும்பு உலைக் கசடை அரைத்த தூள். சிமெண்டு நீரோடு சேரும்போது மிஞ்சும் சுண்ணாம்பை இது பிடித்துப் பசையாக மாற்றித் துளைகளைச் சுருக்குகிறது. அதிலுள்ள அலுமினா, குளோரைடில் ஒரு பகுதியைக் கட்டியும் போடுகிறது. அரசு மின் நிறுவனமான எஸ்காமின் நிலையங்களிலிருந்து வரும் நிலக்கரிச் சாம்பலும் இந்த வேலையைச் செய்யும். நம் நாட்டு வழக்கப்படி சாம்பல் என்றால் 30 சதவீதம், ஸ்லாக் என்றால் 50 சதவீதம், சிலிக்கா ஃப்யூம் (சிலிக்கான் உலைப் புகையின் நுண்தூள்) என்றால் 5 முதல் 10. ஆக இரண்டாமவர் சொல்வது சரியான வழிதான்.

அவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியது நீர் விகிதம்: மொத்தப் பசைப் பொருளுக்குத் தண்ணீர் 0.45-ஐத் தாண்டக்கூடாது. ஒரு கன மீட்டருக்குத் தண்ணீர் 175 லிட்டர் என்றால் பசைப் பொருள் 389 கிலோ, அதாவது சிமெண்டு 195, ஸ்லாக் 195 கிலோ. மணல் சுமார் 750, 19 மி.மீ. ஜல்லி சுமார் 1,080 கிலோ வரும். இந்த அளவில் நிறுத்தினால் பலம் 35-ஐத் தானாகவே தாண்டும். இதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கணக்கும் பாருங்கள். மணலில் 5 சதவீத ஈரம் இருந்தால் 750 கிலோவில் 37 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. மழைக்கு அடுத்த நாள் மேஸ்திரி கண்ணால் பார்த்துத் தண்ணீர் ஊற்றும் கலவையில் 0.45 எப்படி நிற்கும்? ரெடிமிக்ஸ் நிலையத்தில் அந்த ஈரத்தைக் கழித்துத்தான் தண்ணீர் விடுவார்கள். கடலோரத்தில் சைட்டிலேயே கலப்பது வேண்டாம் என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

0.45-இல் கலவை கெட்டியாக இருக்கும். அதை இளக்கத் தண்ணீர் விடக்கூடாது, பாலிகார்பாக்சிலேட் வகை சூப்பர்பிளாஸ்டிசைசர் வேண்டும். ஸ்லம்ப், அதாவது கூம்பைத் தூக்கியதும் கலவை சரியும் அளவு, 120 மி.மீ. வரக் கேளுங்கள். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் கான்கிரீட்டில் வந்த மாற்றங்களில் உங்கள் ஸ்லாப்புக்கு அதிகம் உதவுவது இந்தத் திரவம்தான் என்று சொல்வேன். தண்ணீரைக் குறைத்தும் கலவை ஓடுகிறது, கம்பிக்கு அடியில் போய்ச் சேருகிறது.

மூட்டை வாங்கும் சின்ன வேலைகளுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூட்டையின் முகத்தைப் படியுங்கள். செம் 1 என்றால் ஏறக்குறைய முழுக்கக் கிளிங்கர் (சூளையில் சுட்ட சிமெண்டுக் கட்டி). செம் 2 ஏ என்றால் 6 முதல் 20 சதவீதம் வேறு பொருள், செம் 2 பி என்றால் 21 முதல் 35, செம் 3 ஏ என்றால் ஸ்லாக் 36 முதல் 65. பக்கத்தில் எஸ் இருந்தால் ஸ்லாக், வி இருந்தால் சாம்பல், எல் இருந்தால் சுண்ணாம்புக்கல். எல் உப்பைத் தடுக்க உதவாது. ஏற்கெனவே கலந்த செம் 2 பி மூட்டையில் மேலும் பாதி ஸ்லாக் சேர்த்தால் அளவு மீறிவிடும், பலம் வெகு மெதுவாகத்தான் ஏறும். எம்.சி என்று போட்ட மூட்டை கல்கட்டுக்கும் பூச்சுக்கும் மட்டும். ஸ்லாப்பின் பக்கமே அது வரக்கூடாது.

வாட்டர்ப்ரூஃப் பவுடர் மேலே நிற்கும் தண்ணீருக்கு ஓரளவு உதவும். 0.6 விகிதத்தில் கலந்த கான்கிரீட்டை அது கடலோரத்துக்கு ஏற்றதாக மாற்றாது.

கம்பிக்கட்டு எழுதியது:

கலவை பற்றி அண்ணா சொன்னது சரி. சைட்டில் கெடுவது எப்படி என்று நான் சொல்கிறேன்.

கவர். உப்பு உள்ளே இறங்கும் ஆழம் ஏறக்குறைய காலத்தின் வர்க்கமூலத்தின்படி போகும். 25 மி.மீ. கடக்க 10 வருடம் என்றால் 50 கடக்க 40 வருடம். பாதிக் கவர் என்றால் கால்வாசி ஆயுள். இன்ஜினியர் 50 கேட்டால் 50-ஆகவே இருக்க வேண்டும்.

அதற்காக மேஸ்திரி தன்னிஷ்டத்துக்குக் கவரை ஏற்றவும் கூடாது. 170 கனத்தில் 50 கவர், 12 மி.மீ. கம்பி என்றால் பயனுள்ள ஆழம் (மேல்முகத்திலிருந்து கீழ்க்கம்பியின் நடுவரை) 114 மி.மீ. 25 கவர் என்றால் 139. ஏறக்குறைய 18 சதவீத வித்தியாசம். கம்பி எண்ணிக்கை 50-க்குத்தான் கணக்கிடப்பட்டதா என்று இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில வரைபடங்களில் கவரை மட்டும் பிறகு மாற்றி எழுதியிருப்பார்கள், கம்பி பழைய கணக்கிலேயே இருக்கும்.

கவர் பிளாக்கை மணல் சிமெண்டில் சைட்டிலேயே உருட்டிப் போடுவதைத் தடுங்கள். அந்தக் கட்டி ஸ்லாப்பைவிடத் துளை மிகுந்தது, உப்புக்கு நேர்வழி. கடையில் கிடைக்கும் அடர்த்தியான சிமெண்டு பிளாக், 50 அளவு, 800 மி.மீ.க்கு ஒன்று வீதம் வையுங்கள். மேல்கம்பிக்குக் குதிரை (தாங்கும் வளைகம்பி) நிறைய வேண்டும், ஆள் மிதித்தால் உட்காரக்கூடாது.

கட்டுக்கம்பியின் வாலைப் பாருங்கள். முறுக்கிக் கட்டியபின் மீதி நுனி கீழே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பிக்கு 50 கவர் இருந்தாலும் அந்த நுனிக்கு 15 கூட இருக்காது. பலகை பிரித்த சில மாதத்தில் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளியாகத் தெரிவது அதுதான். நுனியை மேல்நோக்கி உள்ளே மடக்கச் சொல்லுங்கள். சட்டரிங் பலகையில் விழுந்து கிடக்கும் வெட்டுத் துண்டுகளையும் ஆணிகளையும் காந்தத்தால் பொறுக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் வரும் அன்று காலை குழுவில் ஒருவர் டார்ச் வைத்துக்கொண்டு இதை மட்டும் பார்த்தாலே பெரிய காரியம்.

லாரி. ஸ்லாப் 16.3 கன மீட்டர், உத்தரங்களும் சேதாரமும் சேர்த்து 20 வரும். 6 கன மீட்டர் லாரி என்றால் நான்கு வண்டி. ஒவ்வொரு வண்டியின் சீட்டிலும் கலந்த நேரத்தைப் பாருங்கள். என்2 நெடுஞ்சாலை நெரிசலில் நின்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேலானால், இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்க்கப்படாத பட்சத்தில், வாங்காதீர்கள். வண்டி வந்ததும் ஆட்கள் செய்யும் முதல் வேலை டிரைவரிடம் தண்ணீர் கேட்பது. 6 கன மீட்டருக்கு 60 லிட்டர் விட்டால் 0.45 என்பது 0.476 ஆகிறது, 120 விட்டால் 0.50. ஸ்லம்ப் போதவில்லை என்றால் ரெடிமிக்ஸ்காரரின் ஆளே பிளாஸ்டிசைசர் சேர்க்கட்டும். தண்ணீர்க் குழாயின் வால்வு பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள்.

வைபிரேட்டர் 50 மி.மீ. ஊசி என்றால் ஓரடிக்கு ஒரு குத்து, 10 முதல் 15 விநாடி, மெல்ல இழுக்க வேண்டும். அதை வைத்துக் கான்கிரீட்டைத் தள்ளக்கூடாது, ஜல்லி ஒரு பக்கம் பசை ஒரு பக்கம் போய்விடும். தேன்கூடு மாதிரி ஓட்டை விழுவது பெரும்பாலும் உத்தரத்தின் அடியில், கம்பி நெருங்கிய இடத்தில். கம்பிக்கு நடுவே 25 மி.மீ. சந்து இல்லையென்றால் உத்தரத்துக்கு மட்டும் 13 மி.மீ. ஜல்லி கேளுங்கள்.

மேலே கசியும் தண்ணீரின் மேல் காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பது நம் ஆட்களின் பழைய பழக்கம். மேல்தோல் உரிந்து வரும். ஸ்லாக் கலவையில் கசிவு கூடுதல், இறுகவும் நேரமாகும். பொறுமையாக இருந்து, தண்ணீர் போனபின் தேய்க்க வேண்டும்.

தண்ணீர் கட்டுதல். இதில் தவறினால் மேலே சொன்னதெல்லாம் பாழ். ஸ்லாக்கின் வேலை மெதுவாக நடப்பது, அதற்கு ஈரம் வேண்டும். மேல்தோல் முதல் வாரத்திலேயே காய்ந்துவிட்டால் அந்த 50 மி.மீ. துளையோடு நின்றுவிடும், உப்பைத் தடுக்க வேண்டியது அதே 50 மி.மீ. தான். ஏழு நாள் குறைந்தபட்சம், பத்து நாள் என்றால் நல்லது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், அல்லது ஈரச் சாக்கு, அதன்மேல் பாலிதீன். காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் பைப்பில் பீச்சுவது கணக்கில் வராது, நடுவில் காய்ந்துவிடும். உத்தரத்தின் பக்கங்களுக்கு, பலகையைச் சீக்கிரம் பிரிக்காமல் விடுவதே நல்ல க்யூரிங்.

முட்டு பிரிப்பதும் அதே மாதிரி. 50 சதவீத ஸ்லாக் கலவை ஏழாம் நாளில் 28 நாள் பலத்தில் பாதியோ கொஞ்சம் மேலேயோதான் வந்திருக்கும். நாட்காட்டியைப் பார்த்துப் பிரிக்க வேண்டாம். அதே கலவையில் வார்த்து, ஸ்லாப்பின் பக்கத்திலேயே வைத்து ஆற்றிய சோதனைக் கட்டியை உடைத்துப் பார்த்து, இன்ஜினியர் கையெழுத்துப் போட்டபின் பிரியுங்கள்.

மண்டபக்குழு எழுதியது:

மிக்க நன்றி. கேட்டதைவிட அதிகம் கிடைத்தது. போட்டபின் இது நல்ல கான்கிரீட்தானா என்று கட்டி உடைப்பதைத் தவிர வேறு வழியில் தெரிந்துகொள்ள முடியுமா? பழைய உத்தரங்கள், கண்ணாடி இழைக் கம்பி பற்றியும் யாராவது சொல்ல வேண்டும்.

ஆய்வறை எழுதியது:

முடியும். அதற்கான சோதனை முறை உருவானதே தென்னாப்பிரிக்காவில்தான். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மார்க் அலெக்சாண்டரும் விட்வாட்டர்ஸ்ராண்டில் யூனுஸ் பாலிமும் மற்றவர்களோடு சேர்ந்து 1990-களில் உருவாக்கிய ஆயுட்காலக் குறியீட்டு முறை. நெடுஞ்சாலை நிறுவனமான சன்ரால் இதைப் பாலங்களின் ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறது. நம் ஊர் மண்டபத்துக்கு ஏன் கேட்கக்கூடாது?

ஆய்வகக் கட்டி தண்ணீர்த் தொட்டியில் சொகுசாக ஆறியது. உங்கள் ஸ்லாப் காற்றில் கிடந்தது. கட்டி 45 எம்.பி.ஏ காட்டும்போதே ஸ்லாப்பின் தோல் சல்லடையாக இருக்கலாம். அதனால் இந்த முறையில் கான்கிரீட்டின் மேல்தோலிலிருந்தே 70 மி.மீ. விட்டமும் 30 மி.மீ. கனமும் உள்ள வட்டுகளை வெட்டி எடுத்து, 50 டிகிரி அடுப்பில் ஒரு வாரம் உலர்த்திச் சோதிப்பார்கள். கடலோரத்துக்கு வேண்டியது குளோரைடு கடத்தல் சோதனை. வட்டை உப்பு நீரில் வெற்றிடத்தில் ஊறவைத்து மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்ப்பது. சென்டிமீட்டருக்கு 0.75 மில்லி சீமென்ஸுக்குக் கீழே என்றால் மிக நன்று, 0.75 முதல் 1.5 வரை நன்று, 1.5 முதல் 2.5 மோசம், அதற்கு மேல் மிக மோசம். ஆக்சிஜன் ஊடுருவல் குறியீடு இன்னொன்று: 10-க்கு மேல் மிக நன்று, 9.5 முதல் 10 நன்று, 9-க்குக் கீழ் மிக மோசம். இது மடக்கைக் கணக்கு, அதனால் 10-க்கும் 9-க்கும் நடுவே பத்து மடங்கு வித்தியாசம்.

ஸ்லாப்பில் துளை போட மனமில்லையென்றால், அதே லாரிக் கலவையில் 150 மி.மீ. கனத்தில் ஒரு சிறு பலகம் ஊற்றி, ஸ்லாப்பின் மேலேயே வைத்து, ஸ்லாப்புக்கு எப்படியோ அப்படியே அதற்கும் தண்ணீர் கட்டுங்கள். 28 நாள் கழித்து அதிலிருந்து வட்டு எடுக்கலாம். இந்தச் சோதனை உண்டு என்று ஒப்பந்தத்தில் முன்பே எழுதுங்கள். எழுதியிருந்தாலே தண்ணீர் கட்டுவது ஒழுங்காக நடக்கும்.

கவரையும் அளக்கலாம். கவர் மீட்டர் என்ற கருவியை ஸ்லாப்பின் அடியில் ஓட்டினால் கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டிவிடும். பணத்தின் கடைசித் தவணைக்கு முன் செய்ய வேண்டியது இது.

ஸ்லம்ப் சோதனையை நீங்களே பார்க்கலாம். 300 மி.மீ. உயரக் கூம்பு, மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 குத்து. எல்லா வண்டிக்கும் செய்யச் சொல்லுங்கள். கட்டிகளில் இரண்டை 7 நாளில், மூன்றை 28 நாளில் உடைத்து, ஸ்லாக் என்பதால் இரண்டை 56 நாளுக்கு வைத்திருங்கள்.

பழுதுபார்ப்பு எழுதியது:

பழைய உத்தரத்தைப் பூசி அதிலேயே புதுக் கம்பியைக் கோப்பது உங்களுக்கு வந்த யோசனைகளில் மிக ஆபத்தானது. ஏன் என்று சொல்கிறேன்.

உப்பு ஏறிய கான்கிரீட்டில் துருப்பிடிக்கும் கம்பி ஒரு மின்கலத்தில் கரையும் முனை (ஆனோடு) மாதிரி. ஓரிடத்தில் அது கரையும்போது பக்கத்துக் கம்பி காப்பாற்றப்படுகிறது. துருப்பிடித்த இடத்தை மட்டும் கொத்தி நல்ல காரை பூசினால், அந்த இடம் நின்றுவிடும், ஆனால் ஒட்டின் ஓரத்தில், இதுவரை நன்றாக இருந்த கம்பி கரையத் தொடங்கும். பூசிய இரண்டு மூன்று வருடத்தில் பூச்சுக்குப் பக்கத்திலேயே வெடிப்பது இதனால்தான். புது ஸ்லாப்பின் சுத்தமான கம்பியை அதோடு தொடுத்தால் பழைய உத்தரத்தின் கம்பி இன்னும் வேகமாகப் போகும்.

முதலில் எவ்வளவு உப்பு, எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். உத்தரத்தில் துளையிட்டு, 10 மி.மீ.க்கு ஒரு தரம் தூளைத் தனித்தனியே பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். கூடவே அரைக்கல மின்னழுத்தம்: செம்பு சல்பேட் மின்முனையை ஒப்பிட்டு மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டிக் கீழே போனால் அங்கே துரு நடப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, மைனஸ் 200-க்கு மேலே நின்றால் நடக்காமலிருக்க அதே அளவு வாய்ப்பு. பினால்ப்தலீன் தெளித்து ரோஸ் நிறம் வந்தால் நல்லது என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த நிறம் காரத்தன்மையை மட்டும் சொல்லும். ரோஸ் நிறத்துக்குள்ளேயே உப்பு நிறைந்திருக்கலாம். உடைத்த முகத்தில் வெள்ளி நைட்ரேட் தெளித்தால் உப்புள்ள பகுதி வெள்ளையாகவும் மற்றது பழுப்பாகவும் தெரியும்.

தாழ்வாரத்தின் அடிப்பக்கம்தான் முதலில் போயிருக்கிறது, இல்லையா? உப்புக் காற்று படும், ஆனால் மழை கழுவாது. அதனால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். புது ஸ்லாப்பிலும் அந்தப் பக்கமே பலவீனமான இடம். வருடத்துக்கு ஓரிரு முறை நல்ல தண்ணீரில் கழுவிவிடுவது செலவில்லாத வைத்தியம்.

கம்பி ஆழத்தில் குளோரைடு 0.4-ஐப் பரவலாகத் தாண்டியிருந்தால், அந்த இரண்டு உத்தரங்களையும் இடித்துப் புதிதாகப் போடுங்கள். மேலே ஸ்லாப் ஏறிய பிறகு இதைச் செய்ய முடியாது, செய்தாலும் பல மடங்கு செலவு. ஆங்காங்கே மட்டும்தான் என்றால் செய்முறை இது: ஓரத்தை 10 மி.மீ. ஆழத்துக்கு நேர்கோடாக மெஷினில் அறுத்து, கம்பிக்குப் பின்னாலும் 25 மி.மீ. போகும்வரை கொத்தி, கம்பியைப் பளபளப்பு வரும்வரை மணல் வீசிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியின் கனம் குறைந்திருந்தால் எவ்வளவு என்று வெர்னியரில் அளந்து இன்ஜினியருக்குச் சொல்ல வேண்டும். பிறகு ஓரம் நெடுக துத்தநாக ஆனோடு வில்லைகளைக் கம்பியோடு கட்டி, அதற்கென்று உள்ள பழுதுபார்ப்புக் காரையால் அடைக்க வேண்டும். இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும். வில்லை கட்டிய இடத்தில் மின்தொடர்பு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் மூடினால் அந்தக் காசு வீண்.

இழைக்கம்பி எழுதியது:

கண்ணாடி இழைக் கம்பி நல்ல பொருள்தான். உப்பு அதை ஒன்றும் செய்யாது, எடை இரும்பில் கால்வாசி. அமெரிக்காவில் ஏசிஐ 440.11 என்ற முழு விதிநூலே 2022-இல் இதற்கு வந்துவிட்டது. ஆனால் இரும்புக்கு வரைந்த வரைபடத்தில் கம்பியை மட்டும் மாற்றிப் போடக்கூடாது. விறைப்பைச் சொல்லும் நெகிழ்வுக் கெழு இரும்புக்கு 200 ஜிகாபாஸ்கல், இதற்கு 45 முதல் 60. அறுந்துவிடுமோ என்ற பயத்தைவிட, தளம் தொய்வதும் வெடிப்பு அகலுவதும்தான் இதில் கணக்கைத் தீர்மானிக்கும். 170 கனம் போதாமல் போகலாம். இரும்பு அறுவதற்கு முன் இளகி நீண்டு எச்சரிக்கும், இது எச்சரிக்காது. சைட்டில் வளைக்க முடியாது, ஒவ்வொரு வளைவும் தொழிற்சாலையிலிருந்து வர வேண்டும். தீப்பிடித்தால் இழையைப் பிடித்திருக்கும் பிசின் 100, 120 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும். மண்டபம் என்றால் கீழே சமையல், விளக்கு, ஓமம் எல்லாம் உண்டு. 20 கவரில் அது எத்தனை நிமிடம் தாங்கும்? தரையில் கிடக்கும் நடைபாதை, கடற்சுவர் இவற்றுக்கு இதை மனமாரச் சொல்வேன். ஆட்கள் கூடும் மண்டபத்தின் கூரைக்கு, அதற்கென்றே கணக்குப் போட்ட இன்ஜினியர் இல்லாமல் வேண்டாம்.

கூடுதல் காப்பு வேண்டுமென்றால் தாழ்வாரப் பக்கத்துக்கு மட்டும் துத்தநாகம் தோய்த்த கம்பி கேளுங்கள். அல்லது கால்சியம் நைட்ரைட் துருத்தடுப்பான், கன மீட்டருக்கு 10 முதல் 30 லிட்டர். அது இறுகுவதை வேகப்படுத்தும் என்பதை ரெடிமிக்ஸ்காரர் தெரிந்திருக்க வேண்டும்.

கலவைக்கணக்கு எழுதியது:

ஒன்று சேர்க்க வேண்டும். ஸ்லாக் பாதி என்பதில் ஒரு விலையும் உண்டு. சுண்ணாம்பைத் தின்றுவிடுவதால் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போகும் வேகம் கூடும், அதுவும் க்யூரிங் மோசமானால் வெகுவாகக் கூடும். கடலோரத்தில் உப்பே பெரிய எதிரி என்பதால் ஸ்லாக் பக்கம் நிற்கிறோம். கடல் இல்லாத பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், மழை படாத உள்சுவருக்கு இதே கலவையைப் போட வேண்டிய அவசியமில்லை.

எல்சி3 என்ற புது சிமெண்டு பற்றியும் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 சதவீதம். களிமண்ணை 700 முதல் 850 டிகிரியில் சுட்டால் போதும், கிளிங்கருக்கு வேண்டியதோ 1,450. சுவிட்சர்லாந்தில் கேரன் ஸ்க்ரிவனர் குழுவும் கியூபாவும் இந்தியாவும் சேர்ந்து வளர்த்தது, சென்னை ஐஐடியில் இதன் ஆயுள் பற்றி நிறைய வேலை நடந்திருக்கிறது. உப்பைத் தடுப்பதில் நல்ல பெயர். எஸ்காமின் கொமாட்டி மின்நிலையம் 2022-இல் நிலக்கரியை நிறுத்தியது, மற்றவையும் ஒவ்வொன்றாக மூடும்போது சாம்பல் குறையும். அப்போது நமக்கு இது தேவைப்படும்.

மண்டபக்குழு எழுதியது:

குழுவில் பேசி, இரண்டாமவரையே வைத்துக்கொள்வது, பழைய உத்தரங்களை முதலில் சோதிப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். கடைசியாக ஒன்று: ஆகஸ்டில் போட நினைக்கிறோம். மழை இல்லாத மாதம் என்பதால் நல்லதுதானே?

கம்பிக்கட்டு எழுதியது:

மழைக்கு நல்லது, காற்றுக்கு அல்ல. ஆகஸ்ட், செப்டம்பரில் பெர்க் காற்று உள்நாட்டிலிருந்து சூடாகவும் வறட்சியாகவும் இறங்கும். சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியானால், கான்கிரீட் இறுகுமுன்னே மேலே வெடிப்பு ஓடும். முந்தின நாள் வானிலையில் பெர்க் காற்று என்று போட்டிருந்தால் ரெடிமிக்ஸை ஒத்திப்போடுங்கள், ஒப்பந்தத்திலும் அதற்கு இடம் வையுங்கள். எப்படியும் காலை ஆறு மணிக்கு முதல் வண்டி வரட்டும். காற்று வரும் பக்கம் சாரத்தில் வலைத்துணி கட்டுங்கள். மட்டம் அடித்த பகுதியைக் காத்திருக்காமல் பாலிதீனால் மூடிக்கொண்டே போங்கள், தேய்க்கும்போது மட்டும் விலக்கலாம். கன மீட்டருக்கு 0.6 முதல் 0.9 கிலோ பாலிப்ரோப்பிலீன் இழை சேர்த்தால் இந்த முதல்நாள் வெடிப்பு நன்றாகக் குறையும். அதைக் கம்பிக்குப் பதிலாக எண்ண வேண்டாம்.

தேய்த்து முடிப்பதற்குள் வெடிப்பு தெரிந்தால், கலவை இளக்கமாக இருக்கும்போதே பலகையால் மறுபடி அழுத்தித் தேய்த்து மூடிவிடலாம். இறுகியபின் மேலே சிமெண்டுப் பால் ஊற்றி மறைக்க விடாதீர்கள், இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ஸ்லாப்புக்கு 80-க்கு 1 வாட்டம் இருக்கிறதா என்றும் சட்டரிங் கட்டும்போதே மட்டக்குழாய் வைத்துப் பார்த்துவிடுங்கள்.